கன்னத்தில் போட்டுக்கொண்ட கை

பிரியமுள்ள யோகன் அண்ணைக்கு,

நீங்கள் இருக்கிற இடத்தில் கேமரா கிடையாது என்ற ஒரே நிம்மதியோடு எழுதுகிறேன். அங்கே எவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டாலும் மதிப்பெண் குறைக்க ஆள் இல்லை. கும்பிடுங்கள், தூங்குங்கள், உங்கள் இஷ்டம்.

நான்கு மாதமாக உங்களுக்கு ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை. அழுகைதான் வந்தது. போன வெள்ளிக்கிழமை கம்பெனியின் அறிக்கை வந்தது, அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால்தான் எனக்கு எழுத்து ஓடும் என்பது உங்களுக்குத் தெரியாதா?

இந்தக் கடிதத்தை நம் தமிழ்ச் சங்கத்து இதழுக்கும் அனுப்பப் போகிறேன். நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே உங்களுக்குத் திருப்பிச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கலையரசி, மெல்பர்னில் ஒரு சரக்கு லாரிக் கம்பெனியில் தரவு பார்க்கிறவள். ஒவ்வொரு லாரியும் எவ்வளவு வேகத்தில் போனது, எங்கே சடாரென்று பிரேக் பிடித்தது, டிரைவர் எத்தனை முறை கொட்டாவி விட்டார் என்பதெல்லாம் என் திரைக்கு வரும். நீங்கள் இருபது வருடமாக விபத்தே இல்லாமல் லாரி ஓட்டியவர். டிரைவர் முகத்தைப் பார்க்கும் கேமராவை எல்லா வண்டியிலும் பொருத்திய வாரம், மடிக்கணினியோடு யார்டுக்கு வந்து நின்றேனே, நினைவிருக்கிறதா? எல்லோரும் என்னை ஒற்றுக்காரி மாதிரி முறைத்தார்கள். நீங்கள் மட்டும்தான் கிட்டே வந்தீர்கள்.

"பிள்ளை தமிழோ?"

"ஆமாண்ணே. தூத்துக்குடி."

"அப்ப எனக்குத் தமிழிலையே சொல்லும். உது என்னத்தைப் பாக்கும்?"

"உங்க கண்ணை. ஒன்றரை நொடிக்கு மேல மூடியிருந்தா சத்தம் போடும், சீட்டு அதிரும், எங்களுக்கு ஒரு வீடியோத் துண்டு வரும்."

"என்ர மனுசியே இவ்வளவு நேரம் என்ர கண்ணைப் பாத்ததில்லை" என்றீர்கள். யார்டே சிரித்தது. அன்றைக்கே நான் உங்களுக்குத் தங்கச்சி ஆகிவிட்டேன். 'அண்ணே' என்று கூப்பிட்டவள் உங்கள் ஊர்க்காரர்களைக் கேட்டுக் கேட்டு 'அண்ணை' என்று சொல்லவும் பழகிவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன் அண்ணை, அந்த வேலையை நான் நம்பித்தான் செய்தேன். முதல் மாதத்திலேயே ஒரு டிரைவருக்குத் தூக்கத்தில் மூச்சடைக்கிற வியாதி இருப்பது அந்தக் கேமராவால்தான் தெரிந்தது. டாக்டரிடம் போனார், இன்றைக்கு நன்றாக இருக்கிறார். அவர் மனைவி கொண்டுவந்து கொடுத்த கேக்கைத் தின்றுகொண்டே, எண்களை ஒழுங்காகப் படித்தால் உயிர் பிழைக்கும் என்று எல்லோரிடமும் பெருமையடித்தேன்.

பிறகு அந்த மதிப்பெண் பட்டியல் வந்தது. நூற்றுக்கு இத்தனை என்று வாராவாரம் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டினார்கள். வயசு வந்த மனிதர்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசைப்படுத்தி ஒட்டினார்கள். கடைசிப் பெயர் யாருடையது? உங்களுடையது! வாராவாரம்! இளசுகள் உங்களைப் பார்த்துக் குறட்டை விட்டுக் காட்டினார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே தேநீர் கலக்கினீர்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

வீடியோக்களைத் திறந்து பார்த்தேன். எல்லாமே ஒரே இடம், கேரம் டவுன்ஸ். சிவனும் பெருமாளும் சேர்ந்து இருக்கிற கோயிலின் கோபுரம் கண்ணில் படும் அந்தச் சாலையில், சிக்னலுக்காக வண்டிகள் ஊர்ந்து ஊர்ந்து நகரும்போது, இடது கை ஸ்டியரிங்கில் இருக்க, வலது கையால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறீர்கள். வலது கன்னத்தில் ஒன்று, இடது கன்னத்தில் ஒன்று, மெதுவாக. கண் மூடியிருக்கிறது, உதடு ஏதோ முணுமுணுக்கிறது. கேமரா அதைத் தூக்கம் என்கிறது. கை கன்னத்துக்குப் போனதைப் பார்த்து போன் பேசுகிறார் என்றும் சேர்த்து எழுதுகிறது.

"அண்ணை, கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே கும்பிடக் கூடாதா?"

"கண்ணைத் திறந்துகொண்டு செய்தா அது கும்பிடோ பிள்ளை? அது பாக்கிறது. சிவனுக்கு ஒண்டு, பெருமாளுக்கு ஒண்டு, முடிஞ்சுது அலுவல். உந்தக் கமெராவுக்குக் கும்பிடுறதும் நித்திரை கொள்ளுறதும் ஒண்டோ?"

எங்கள் மேலாளர் கிரெக்குக்கு இரண்டும் ஒன்றுதான். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். இன்னொன்று வந்தால் வேலை போகும். நான் மென்பொருள்காரர்களுக்கு எழுதினேன், அந்தச் சாலையில் மட்டும் எச்சரிக்கை வராமல் செய்யுங்கள் என்று. ஆறு வாரம் ஆகும் என்றார்கள், கடைசிவரை செய்யவில்லை. அடுத்த பட்டியலுக்கோ ஆறு நாள்தான் இருந்தது.

இனிமேல் எழுதப்போவதை இதுவரை யாருக்கும் நான் எழுதவில்லை.

ஒரு வீடியோ தவறான எச்சரிக்கை என்றால் அதை அப்படிக் குறிக்க எனக்கு அதிகாரம் இருந்தது. குறித்தேன். காரணம் கேட்கும் கட்டத்தில் 'வழக்கமான அசைவு, வழிபாடு' என்று தட்டினேன். தினமும் இரண்டு மூன்று, இரண்டு மாதம். உங்கள் மதிப்பெண் ஏறியது. சுவரில் நடுப்பகுதிக்கு வந்தீர்கள். அன்றைக்கு உங்கள் மனைவி மலர் அக்காவிடம் சொல்லி ஒரு பாத்திரம் நிறைய கட்லட் கொடுத்தனுப்பினீர்கள். நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். அந்த மென்பொருள் நான் குறிப்பதை எல்லாம் பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அது என்ன படிக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. யோகன் கண்ணை மூடினால், யோகன் கை கன்னத்துக்குப் போனால், அது தூக்கம் இல்லை, பேசாமல் இரு. அதைத்தான் படித்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை என்னுடையது.

அதே நேரத்தில்தான் உங்கள் ரோஸ்டரை, வேலை நேரப் பட்டியலை, மாற்றினார்கள். ஒரு டிரைவர் வேலையை விட்டுப் போனார், அவருடைய ஓட்டத்தையும் உங்கள் தலையில் கட்டினார்கள். விடியுமுன் வடக்கே கிரெய்கிபர்ன் பக்கத்துக் கிடங்கில் ஏற்றி, தெற்கே போய் இறக்கி, மதியம் வீட்டுக்குப் போகிறவர் நீங்கள். இப்போது மதியம் இன்னொரு முறை ஏற்றி, இன்னொரு முறை தெற்கே. "கொஞ்ச நாளைக்குத்தானாம்" என்றீர்கள். மூன்று மாதம் ஆனது.

சட்டப்படி ஓய்வு கொடுத்தோம் என்று அறிக்கையில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். என்ன ஓய்வு தெரியுமா? எஞ்சின் நின்றிருந்த நேரமெல்லாம் ஓய்வாம்! எஞ்சின் நின்றிருந்த நேரத்தில் நீங்கள் லாரியின் குளிர்ப்பெட்டிக்குள் ஏறி, இறங்கி, பலகை பலகையாகச் சரக்கைத் தள்ளிக்கொண்டிருந்தீர்கள். அதைப் பார்க்க அங்கே கேமரா இல்லையே. டிரைவர் கண்ணுக்கு ஒரு கேமரா வைத்தவர்கள், ரோஸ்டர் போடுகிறவருக்கு ஏன் ஒன்று வைக்கவில்லை? அவருக்கு மதிப்பெண் கிடையாதா? அவர் பெயரை எந்தச் சுவரில் ஒட்டினார்கள்?

நான் அதைக் கேட்காமல் இல்லை அண்ணை. இரண்டாவது ஓட்டம் போகிறவர்களுக்கெல்லாம் மதியத்துக்கு மேல் கொட்டாவியும் தடம் விலகலும் கூடிக்கொண்டே போவதை வரைபடமாகப் போட்டு எடுத்துக்கொண்டு கிரெக்கிடம் போனேன். அவர் பார்த்தார். நல்ல படம் என்றார். "ஆனால் கலை, இது ரோஸ்டர் விஷயம். உன் வேலை டிரைவர்களின் நடத்தை" என்றார். நான் சரி என்று திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் ஆளைக் கடிக்கிற வாய், அங்கே ஏன் ஒட்டிக்கொண்டது?

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டாவது ஓட்டம் முடித்து வடக்கே திரும்பிக்கொண்டிருந்தீர்கள். பட்டப்பகல், நல்ல வெயில், காய்ந்த சாலை. ஃப்ரீவேயில் வண்டி மெல்ல வலது பக்கத் தடத்துக்குள் நழுவியது. கடைசி நொடியில் விழித்து ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்தீர்கள். தடுப்பை உடைத்துக்கொண்டு மரங்களுக்குள் போனீர்கள். வலது தடத்தில் ஒரு பெண் காரில் போய்க்கொண்டிருந்தாள், அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நீங்கள் ஒடித்தது தரவில் பதிந்திருக்கிறது. அறிக்கையில் அதற்கு இடமில்லை.

அறிக்கையில் என்ன இருக்கிறது என்று சொல்லட்டுமா? உங்கள் மகள் அபிதான் அதை மலர் அக்காவுக்குப் படித்துக் காட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டு, "அம்மா, தே ஆர் சேயிங் அப்பா வாஸ் பிரேயிங்" என்றாளாம். ஓட்டும்போது கண்ணை மூடி மதச் சடங்கு செய்யும் வழக்கமுள்ளவர், ஏற்கெனவே எச்சரிக்கப்பட்டவர், விபத்துக்குச் சற்று முன்பும் அதைச் செய்தார். முடிந்தது விசாரணை! ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. செத்தவர் வந்து மறுத்துப் பேசவா போகிறார்?

அதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டுவது ஒரு வீடியோத் துண்டு. விபத்துக்குப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் பதிவானது. அதன்மேல் 'வழக்கமான அசைவு, வழிபாடு' என்று இருக்கிறது. என் வார்த்தைகள் அண்ணை! நான் தட்டிய அதே வார்த்தைகள். இந்த முறை நான் தட்டவில்லை, என்னிடம் படித்துக்கொண்டு அது தானாகவே எழுதியிருக்கிறது. எழுதிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறது. சத்தம் இல்லை, சீட்டு அதிரவில்லை.

முதலில் எனக்குக் கண்ணில் பட்டது இடம். கேரம் டவுன்ஸ் கோபுரம் முப்பது கிலோமீட்டருக்குப் பின்னால் போய்விட்டது. அந்த ஃப்ரீவேயில் எந்தச் சாமி நிற்கிறது, நீங்கள் கும்பிட?

சனிக்கிழமை மடிக்கணினியோடு ஸ்பிரிங்வேலுக்கு உங்கள் வீட்டுக்குப் போனேன். கம்பெனியின் வீடியோவை வெளியே கொண்டுபோனது விதிக்கு விரோதம். இருக்கட்டும். மலர் அக்கா குசினியில் நின்றுகொண்டிருந்தார். நான் செய்ததை எல்லாம் சொன்னேன். குறித்தது, அது படித்தது, அன்றைக்கு அலாரம் அடிக்காமல் போனது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

"நீ குறிச்சிருக்காட்டி அண்டைக்கு அது சத்தம் போட்டிருக்குமோ?"

"ஆமாக்கா. போட்டிருக்கும்."

"அப்ப ஏன் பிள்ளை என்னட்டை வந்தனி? பரவாயில்லை எண்டு சொல்லுவன் எண்டோ? நான் சொல்லமாட்டன்."

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அப்போதுதான் அக்கா கையை நீட்டினார்.

"உதைக் காட்டு."

"வேண்டாம்கா."

"என்ர மனுசன். காட்டு."

காட்டினேன். நீங்கள் ஜன்னலை இறக்குகிறீர்கள். தண்ணீர் குடிக்கிறீர்கள். தலையை உதறுகிறீர்கள். கண் மூடுகிறது, திறக்கிறது. பிறகு கை கன்னத்துக்குப் போகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அக்கா இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாம் முறையும் பார்த்துவிட்டுத் திரையில் விரலை வைத்தார்.

"இது எந்தக் கை?"

பார்த்தேன். இடது கை.

"இடக்கையாலை ஆரும் சாமி கும்பிடுவினமோ? இந்த மனுசன் இடக்கையாலை விபூதிப் பையைக்கூடத் தொடாது. லொறி லைசன்ஸுக்குப் படிக்கேக்க நித்திரை வந்தா இப்பிடித்தான், வலக்கையிலை பேனை, இடக்கையாலை தன்ர கன்னத்திலை தானே அடிப்பார். கன்னம் சிவந்துபோகும். இவர் கும்பிடேல்லைப் பிள்ளை. நித்திரையோடை சண்டை பிடிச்சவர்."

அபி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஸோ ஹி வாஸ் டிரையிங் டு ஸ்டே அவேக்" என்று மட்டும் சொன்னாள். அப்புறம்தான் அழுதாள். நான்கு மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு மாதம் தினமும் உங்கள் கையைப் பார்த்தவள் நான். எந்தக் கை என்று எனக்குத் தோன்றவில்லையே! தரவு பார்க்கிறவளாம்! மலர் அக்காவுக்கு மூன்று தடவை பார்த்ததும் தெரிந்துவிட்டது. கும்பிட்டபோது தூக்கம் என்றார்கள். சரக்குத் தள்ளியபோது ஓய்வு என்றார்கள். தூக்கத்தோடு போராடி உங்களை நீங்களே அடித்துக்கொண்டபோது கும்பிடு என்கிறார்கள். இத்தனை கேமராவும் இத்தனை கணினியும் வைத்து ஒரு மனிதனை இவ்வளவு தப்பாகப் பார்க்க முடியுமா?

திங்கட்கிழமை கிரெக்கிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு மிகவும் கரிசனமாகப் பேசினார். இதைக் கிளப்பினால் நான் குறித்ததும் வெளியே வரும் என்றார். அறிக்கை இப்படியே இருந்தால் யாரும் அதைத் தோண்டமாட்டார்கள் என்றார். "உன் நிரந்தர வதிவிட விண்ணப்பம் எங்கள் கையெழுத்தோடுதானே நிற்கிறது, கலை? நாங்கள் உனக்கு உதவ ஆசைப்படுகிறோம்" என்றார்.

புரிகிறதா அண்ணை? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். உங்கள் மேல் பழி விழுந்தால் நான் தப்பித்துவிடுவேன். உங்கள் கும்பிடு என்னைக் காப்பாற்றும். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்கு ஆசையும் வந்தது. பொய் சொல்லமாட்டேன். ஐந்து வருடமாக இந்த ஊரில் காலூன்ற நாயாய் அலைந்தவள் நான். வாடகை வீட்டு ஜன்னலில் வைத்த கறிவேப்பிலைச் செடியைக்கூட நிலத்தில் நடாமல் காத்திருக்கிறேன்.

வெளியே வந்து என் திரையைப் பார்த்தேன். உங்கள் வழித்தடத்தில் இப்போது ஹர்ப்ரீத் ஓட்டுகிறார். பஞ்சாபிக்காரர், சின்ன வயசு. அதே இரண்டு ஓட்டம், எஞ்சின் நின்றால் அதே ஓய்வு. மதியம் மூன்று மணிக்கு அவர் முகம் என் திரையில் வந்தது. ஜன்னலை இறக்குகிறார். தண்ணீர் குடிக்கிறார். தலையை உதறுகிறார். யோகன் அண்ணை, நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

வண்டிகளை அனுப்பிவைக்கிற அறைக்கு ஓடி அவரை அடுத்த நிறுத்தத்தில் நிறுத்தச் சொன்னேன். அது என் வேலை இல்லை என்றார்கள். நான் கத்திய கத்தலில் நிறுத்தினார்கள். அவர் அரைமணி நேரம் வண்டியிலேயே தூங்கினாராம். சரக்கு தாமதமானதற்கு என் பெயரில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும்.

வருகிற செவ்வாய்க்கிழமை அரசாங்கத்து விசாரணைக்காரர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறார்கள். வாக்குமூலம் கொடுக்கிறவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லாமல் இருந்தது, நானே எழுதிக் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். மலர் அக்காவிடம் போனில் சொன்னேன். "ஓம், நானும் வாறன்" என்றார். என்னை மன்னித்துவிட்டாரா என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் எத்தனை மணிக்கு என்று அவர்தான் இரண்டு தரம் கேட்டார்.

இந்தக் கடிதத்தை இதழுக்கு இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன். அச்சாகி வரும்போது செவ்வாய்க்கிழமை போயிருக்கும். கடைசி நேரத்தில் எனக்குப் பயம் வந்தாலும் பின்வாங்க முடியாது பாருங்கள், அதற்காகத்தான். படிக்கிறவர்கள் என்னைக் கேட்கலாம், சொன்னாயா என்று. கேளுங்கள்.

நான் கொடுக்கிற வாக்கு இது. என் குறிப்புகள் அத்தனையும் என் பெயரோடு அவர்கள் மேஜையில் இருக்கும். கிரெக் பார்த்து நல்ல படம் என்ற அந்தப் படமும், எஞ்சின் நின்ற நேரத்தை ஓய்வு என்று எழுதிய பக்கங்களும் இருக்கும். காரிலே போன அந்தப் பெண்ணுக்காக நீங்கள் ஸ்டியரிங்கை ஒடித்ததும் இருக்கும். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்ட வீடியோவையும் அந்தச் செவ்வாய்க்கிழமை வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுவேன்.

அவர்களுக்கு அப்போதும் விளங்கவில்லை என்றால், எழுந்து நின்று செய்தே காட்டப் போகிறேன். முதலில் வலது கையால், இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று, மெதுவாக. இதுதான் எங்கள் கும்பிடு என்று சொல்வேன். பிறகு இடது கையால், என் கன்னத்தில், அறை முழுக்கச் சத்தம் கேட்க, நான்கு முறை.

அதில் ஒன்று எனக்குச் சேரவேண்டியது. அதைப் பலமாகவே போடுவேன்.

அலாரத்தை அணைத்தவள், ஆனாலும் உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
கலையரசி